ரேஷன் அரிசி பிளாஸ்டிக்னு அம்மா நம்புறாங்க. புரிய வெச்சாலும் ஒரு வாரத்துல பழையபடி ஆயிடறாங்க

கொருக்குப்பேட்டை வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு விஷயம்தான், ஆனா உளவியல் தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்கன்னு கேட்கறேன்.

நாங்க கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல இருக்கோம். அம்மாவுக்கு வயசு அறுபத்து மூணு. இத்தனை வருஷமா ரேஷன் புழுங்கலரிசியைத்தான் இட்லிக்கு ஊறப்போடுவாங்க. இப்போ அதைத் தொட மாட்டேங்கறாங்க. அரிசி களையும்போது மேல மிதக்கிற நாலு மணியை உள்ளங்கையில எடுத்து வெச்சு, "பாருடா, பிளாஸ்டிக்கு. நெஜ அரிசின்னா அடியில தங்காதா?"ன்னு காட்டுறாங்க. வாங்கற அரிசி அப்படியே மாட்டுக்காரர் வீட்டுக்குப் போகுது. கடையில காசு குடுத்து வேற அரிசி வாங்கறோம்.

தங்கச்சி மாசமா இருக்கா, அஞ்சாம் மாசம். ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. "அந்த அரிசியைத் தின்னா வயித்துப் புள்ளைக்கு ஆவாது"ன்னு அம்மா அவளையும் பயமுறுத்தி வெச்சிருக்காங்க.

எல்லாம் வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோவால வந்தது. ஏதோ ஒரு ஃபேக்டரியில வெள்ளை ஷீட்டை மெஷினுக்குள்ள விடறாங்க, மறுபக்கம் அரிசி மாதிரி குருணை கொட்டுது. உட்கார வெச்சுப் பொறுமையா சொன்னேன். "அப்படியா, சரிடா"ன்னு மனசாரத்தான் கேட்டுக்கிட்டாங்க. அடுத்த வாரமே பழையபடி "அது பிளாஸ்டிக்கு". இப்போ ஒருபடி மேல போய், எதிர்வீட்டுப் பையனுக்கு ஆபரேஷன் ஆனதே இந்த அரிசியாலதான்னு சொல்றாங்க. அந்தப் பையனுக்குக் குடல்வால் ஆபரேஷன். அது நடந்தப்போ இந்த வீடியோவும் வரல, இந்த அரிசியும் வரல.

இது மறதி நோயோட ஆரம்பமா? பிடிவாதமா? எப்படிப் பேசினா மனசுல நிக்கும்?

பெரம்பூர் லோகோ எழுதியது:

விட்டுடுங்க பாஸ். இந்த மாதிரி நம்பிக்கையைத் திருத்தப் போனா இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. ஆராய்ச்சியிலயே அப்படித்தான் சொல்லியிருக்காங்க. பேசாம கடை அரிசியே வாங்கிப் போடுங்க, வீட்ல நிம்மதி இருக்கும்.

தண்டையார்பேட்டை நர்ஸக்கா எழுதியது:

தம்பி, நான் தண்டையார்பேட்டைப் பக்கம் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கறேன். வீடு வீடாப் போய் மாசமா இருக்கறவங்களைப் பார்க்கறதுதான் என் வேலையில பாதி. தபால்வழியில உளவியல் எம்.எஸ்சி. முடிச்சேன். ஜனங்க ஒரு பொய்யை ஏன் விட மாட்டேங்கறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் படிச்சேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல உங்க பயம். நீங்க சொன்னதை மட்டும் வெச்சு மறதி நோய்னு சொல்ல முடியாது. தெரிஞ்ச தெருவுல வழி தடுமாறுறது, கேட்ட கேள்வியையே அரை மணியில திரும்பத் திரும்பக் கேட்கறது, சமையல்ல வழக்கமான வேலை குழம்பறது, இப்படி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா இது எல்லாருக்கும் நடக்கறதுதான். பிடிவாதமும் இல்ல. "சரிடா"ன்னு அம்மா சொன்னது நிஜமாவே சரின்னுதான்.

என்ன நடக்குதுன்னா, "ரேஷன் அரிசியில பிளாஸ்டிக்" அப்படிங்கறது மனசுல படமா, பயத்தோட சேர்ந்து பதிஞ்சிருக்கு. நீங்க சொன்ன "அது பொய்" அப்படிங்கறது அதுமேல பின்னாடி வந்து ஒட்டினது. நாள் ஆக ஆக ஒட்டினது உதிர்ந்துடும், படம் அப்படியே நிக்கும். 2017-ல சுவயர், எக்கர், லெவன்டௌஸ்கின்னு மூணு பேர் இதைத்தான் ஆராய்ஞ்சாங்க. திருத்தம் சொன்ன உடனே எல்லாரும் நல்லாவே மாறிக்கிட்டாங்க. நாள் கழிச்சு மறுபடி கேட்டா பழைய நம்பிக்கை மெல்லத் திரும்ப வந்துச்சு. வயசானவங்ககிட்ட அது கூடுதலா இருந்துச்சு. உங்க வீட்ல நடக்கறது அச்சா அதுதான்.

இன்னொண்ணு, காதுல விழுந்துக்கிட்டே இருக்கறது உண்மை மாதிரி ஆயிடும். 1977-லயே ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ இதைக் காட்டிட்டாங்க. ரெண்டு ரெண்டு வார இடைவெளியில மூணு தடவை ஆளுங்களைக் கூப்பிட்டு, சில வாக்கியங்களை மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பப் படிக்க வெச்சாங்க. திரும்ப வந்த வாக்கியம்தான் வரவர நிஜமாத் தோணுச்சு, அது பொய்யா இருந்தாலும். "எங்கம்மா படிக்காதவங்க, அதான்"னு நினைச்சுடாதீங்க. 2015-ல லிசா ஃபேசியோங்கறவங்க கூட வேலை செய்யறவங்களோட சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணாங்க. அதுல வந்த ஒரு வாக்கியம்: ஸ்காட்லாந்துக்காரங்க கட்டுற மடிப்பு வெச்ச குட்டைப் பாவாடைக்குப் பேர் சேலை. அதுக்குச் சரியான பேர் கில்ட்னு தெரிஞ்சவங்களுக்கும், ரெண்டாவது தடவை படிக்கும்போது இந்த மாதிரி வாக்கியங்கள் கொஞ்சம் கூடுதல் உண்மையாத் தோணுச்சு. தெரிஞ்சிருக்கறது மட்டும் காப்பாத்தாது. உங்க அம்மாவுக்கு இந்த வீடியோ தெருவுல, கோயில் வாசல்ல, ரேஷன் கியூவுலன்னு எத்தனை வாயில இருந்து வந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இப்போ எப்படிப் பேசறதுன்னு சொல்றேன். 1994-ல ஹோலின் ஜான்சன், காலீன் சீஃபர்ட்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு கிடங்குல தீ விபத்துன்னு செய்தி துண்டு துண்டா வருது. ஒரு சின்ன அறையில பெயின்ட்டும் கேஸ் சிலிண்டரும் இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் "தப்பு, அந்த அறை காலியாத்தான் இருந்துச்சு"ன்னு திருத்திட்டாங்க. படிச்சவங்களுக்குத் திருத்தினது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா "ஏன் அவ்வளவு புகை வந்துச்சு?"ன்னு கேட்டா பெயின்ட்டையும் சிலிண்டரையுமே சொல்றாங்க. இன்னொரு கூட்டத்துக்கு, அறை காலின்னு சொன்னதோட நிக்காம, யாரோ வேணும்னே தீ வெச்சதுக்கான பொருள் கிடைச்சதுன்னும் சொன்னாங்க. அப்போதான் பெயின்ட் பேச்சு நல்லாக் குறைஞ்சுது. பொய்யை எடுத்தா அந்த இடம் காலியாக் கிடக்கும். கேள்வி மட்டும் மிச்சம் இருக்கும். அதுக்குப் பதில் வைக்கலேன்னா, பழைய பொய்யே வந்து உட்கார்ந்துக்கும்.

உங்க அம்மாவோட கேள்வி என்ன? "அப்போ மிதக்கறது என்னடா?" அதுக்குப் பதில் சொன்னீங்களா? நீங்க எழுதினதுல அது எங்கயும் இல்ல, அதான் கேட்கறேன்.

பதில் இதுதான். அது செறிவூட்டப்பட்ட அரிசி மணி. அரிசியை மாவாக்கி, அதுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூணையும் கலந்து பிசைஞ்சு, மெஷின்ல அழுத்தி அரிசி வடிவத்துல வெட்டிக் காய வைப்பாங்க. நூறு கிலோவுல ஒரு கிலோ கணக்குல சாதா அரிசியோட கலக்கறாங்க. 2021 சுதந்திர தின உரையில, அரசுத் திட்டங்கள்ல குடுக்கற அரிசி எல்லாத்தையும் 2024-க்குள்ள இப்படி ஆக்கப்போறதாப் பிரதமர் அறிவிச்சாரு, ஞாபகம் இருக்கும். மாவுல செஞ்ச மணிங்கறதால நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், தொட்டா வேற மாதிரி இருக்கும், சிலது மிதக்கும். அம்மா கண்ணு தப்பாப் பார்க்கல. ஒரு படி அரிசியில நாலு மணி வேற மாதிரி இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்களே! அதை முதல்ல சொல்லுங்க: "நீ பார்த்தது சரிதாம்மா, அது வேற மணிதான்."

அப்புறம் அவங்க கையாலயே செய்யச் சொல்லுங்க. மிதந்ததை எல்லாம் தனியா ஒரு டம்ளர்ல எடுத்துத் தண்ணி ஊத்தி ராத்திரி பூரா வைக்கட்டும். காலையில கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு நசுக்கிப் பார்க்கட்டும். மாவா குழையும். பக்கத்துலயே பிளாஸ்டிக் வாளியில இருந்து சின்னத் துணுக்கு ஒண்ணை இன்னொரு டம்ளர்ல ஊறப்போடுங்க, அதையும் நசுக்கட்டும். இட்லிக்கு அரைச்சே வளர்ந்த கை, மாவு எதுன்னு அதுக்குத் தெரியும். நம்ம பேச்சை விட அந்த விரலை அவங்க நம்புவாங்க. என் ஏரியாவுல நான் பல வீட்ல இதைத்தான் செய்ய வைக்கறேன்.

பேசும்போது "பிளாஸ்டிக் அரிசி இல்லம்மா, பிளாஸ்டிக் அரிசி இல்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க. "இது சத்து மணி, அரிசி மாவுல செஞ்சது"ன்னு ஆரம்பிங்க. நடுவுல ஒரே ஒரு தடவை, "அந்த வீடியோல சொன்னது பொய், அதுல வர்ற குருணை ரேஷனுக்கு வர்ற பொருளே இல்ல"ன்னு சொல்லுங்க. முடிக்கும்போது மறுபடி சத்து மணி. ஒரு நாள் சொன்னது போதும்னு விட்டுடாதீங்க. இட்லிக்கு அரிசி ஊறப்போடற ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியம் சொல்லுங்க. பொய்யி பல தடவை வந்திருக்கு, மெய்யும் பல தடவை வரணும் இல்லையா?

எதிர்வீட்டுப் பையன் விஷயம் வேற. அது ஞாபகம் செய்யற வேலை. ஒரு விஷயத்தை எங்க கேட்டோம், எப்போ பார்த்தோம்ங்கறதைத்தான் மனசு சீக்கிரம் தொலைக்கும். வயித்து வலின்னு ஒரு ஞாபகம், கெட்ட அரிசின்னு ஒரு ஞாபகம், ரெண்டும் தேதி இல்லாம கிடந்தா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடும். 1974-ல எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் ஒரு கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டினாங்க. "இடிச்சப்போ என்ன வேகம்?"னு சிலர்கிட்டயும், "நொறுங்க மோதினப்போ என்ன வேகம்?"னு சிலர்கிட்டயும் கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு, உடைஞ்ச கண்ணாடி பார்த்தீங்களான்னு கேட்டப்போ, "இடிச்ச" கூட்டத்துல 14 சதவீதம் பேர் பார்த்தேன்னாங்க, "நொறுங்க மோதின" கூட்டத்துல 32 சதவீதம். படத்துல கண்ணாடி உடையவே இல்ல. அவங்க யாரும் பொய் சொல்லல, தம்பி. உங்க அம்மாவும் சொல்லல. அதனால "நீ இட்டுக்கட்டறே"ன்னு மட்டும் வாயில இருந்து வரக் கூடாது. எதிர்வீட்டு அம்மாவையே கூப்பிட்டு, ஆபரேஷன் எப்போ நடந்துச்சுன்னு டீ குடிக்கும்போது சும்மா பேச வையுங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல தேதி இருக்கும்.

பெரம்பூர் லோகோ தம்பிக்கு: நீங்க சொன்ன ஆராய்ச்சி 2010-ல நைஹன், ரைஃப்லர் பண்ணது. திருத்தினா நம்பிக்கை இன்னும் கூடுதுன்னு சில பேர்கிட்ட பார்த்தாங்க. ஆனா 2019-ல வெளியான வுட், போர்ட்டர் ஆய்வுல பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை வெச்சு 52 விஷயத்துல தேடியும் அப்படி நடக்கல. பொதுவா திருத்தம் வேலை செய்யுது, நாள்பட நிக்கறதுதான் கஷ்டம். அதனால "விட்டுடுங்க"ங்கற யோசனையை நான் ஏத்துக்க மாட்டேன். மாசமா இருக்கற பொண்ணு பயந்துக்கிட்டு சாப்பிடற வீட்டை எப்படி விடறது?

2017 பிப்ரவரியில தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டப்போ நான் ஒரு ஸ்கூல் கேட்ல நின்னேன். ஊசி போட்ட பிள்ளைங்க செத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல ஆடியோ வந்து, தாய்மாருங்க பிள்ளைங்களைத் திரும்பக் கூட்டிட்டுப் போறாங்க. ஒரு அம்மா போனை என் காது வரைக்கும் கொண்டுவந்து, "கேளுங்க, நர்ஸே பேசுறாங்க"ன்றாங்க. "பொய்மா"ன்னா அந்த அம்மா நகரப் போறதில்ல. "ஊசி போட்ட இடத்துல வலிக்கும், சில பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், லைன்ல நின்னு பயந்து மயங்கற பிள்ளையும் உண்டு, தலையைத் தாழ்த்திப் படுக்க வெச்சா அஞ்சு நிமிஷத்துல எழுந்துடும்"னு சொன்னேன். மயங்கின பிள்ளை கதைதான் வாய் மாறி மாறி இப்படி ஆயிருக்குன்னு அவங்களுக்குப் பிடிபட்டுச்சு. பையனை லைன்ல விட்டாங்க. நானும் கூடவே நின்னேன்.

காசிமேடு லாஞ்சுக்காரன் எழுதியது:

நர்ஸம்மா எழுதினதைப் படிச்சதும் எனக்கு 2004 டிசம்பர்தான் வந்துச்சு. 26-ந் தேதி அலை வந்தது எல்லாருக்கும் தெரியும். 30-ந் தேதி மறுபடி வரப்போவுதுன்னு தில்லியில இருந்தே எச்சரிக்கை வந்துச்சு, கரை ஓரம் பூரா ஓட்டம். நாங்களும் குழந்தைகுட்டியத் தூக்கிக்கினு ஓடினோம். கடைசியில ஒண்ணும் வரல. ஆனா இன்னிக்கு எங்க ஆளுங்கள்ல சிலர், "30-ந் தேதியும் தண்ணி ஏறுச்சு, நான் கண்ணால பார்த்தேன்"னு சத்தியம் பண்றாங்க. நல்ல மனுஷங்க. கடல்ல என் உயிரை அவங்களை நம்பி விடுவேன். அப்படி எப்படிச் சொல்றாங்கன்னு எனக்கு இத்தனை நாளாப் புரியல.

இன்னொண்ணு சொல்லணும். 2018-ல புள்ள புடிக்கிறவங்கன்னு வீடியோ சுத்திச்சே. பைக்குல வந்து தெருவுல ஆடற பையனைத் தூக்கிக்கினு போறது. அது கராச்சியில குழந்தைங்க பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில அதே பைக்கு திரும்பி வந்து பையனை இறக்கி விட்டுட்டு ஒரு அட்டையைக் காட்டுவாங்க. அந்தக் கடைசியை வெட்டிட்டு அனுப்பினாங்க. அந்த மே மாசம்தான் பழவேற்காட்டுல ஒரு ஆளை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க. எங்களுக்கு அது தூரத்து ஊர் இல்ல, பொண்ணு குடுத்து எடுக்கற ஊரு. ஜூலையில வாட்ஸ்அப்பு ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதுன்னு நிறுத்துச்சு. போன உயிர் போனதுதானே. தம்பி, அரிசி விஷயம்தானேன்னு விட்டுடாத. நர்ஸம்மா சொல்றத செய்யி.

கொருக்குப்பேட்டை வாசி எழுதியது:

நர்ஸக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. டம்ளர் விஷயத்தைச் செஞ்சு பார்த்துட்டுத்தான் எழுதறேன். காலையில அம்மா நசுக்கிப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல. அப்புறம் அதை நாக்குல வெச்சுப் பார்த்துட்டு, "மாவுதான்டா. அப்போ அந்த வீடியோல இருந்தது என்னாது?"ன்னு கேட்டாங்க. அது பிளாஸ்டிக் சாமானுக்கான குருணை, வாளி குடமெல்லாம் செய்யப் போறதுன்னு சொன்னேன். இப்போதைக்கு இங்க நிக்குது.

ஒரு சந்தேகம். சொந்தக்காரங்க குரூப்புல மாமா ஒருத்தர் அதே வீடியோவை மறுபடி மறுபடி போடறாரு. அவரை அங்கயே மறுத்து எழுதலாமா? அம்மாவும் அந்த குரூப்புல இருக்காங்க.

தண்டையார்பேட்டை நர்ஸக்கா எழுதியது:

"அந்த வீடியோல இருந்தது என்னாது"ன்னு அம்மா கேட்டாங்க பாருங்க, அந்தக் கேள்வி வந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. உடனே பதில் வெச்சீங்க, நல்லது.

காசிமேடு அண்ணே, நீங்க சொன்ன ஆளுங்க மாதிரியே அமெரிக்காவுலயும் நடந்திருக்கு. 1986 ஜனவரியில சேலஞ்சர் விண்கலம் வெடிச்ச மறுநாள் காலையிலயே, நைசர், ஹார்ஷ்னு ரெண்டு பேர் மாணவர்கள்கிட்ட, செய்தியை எங்க, யார் சொல்லிக் கேட்டீங்கன்னு எழுதி வாங்கினாங்க. ரெண்டரை வருஷம் கழிச்சு அதையே கேட்டாங்க. 44 பேர்ல 11 பேர் சொன்னது முதல்ல எழுதினதோட ஒண்ணுகூடப் பொருந்தல. ஆனா நல்லா ஞாபகம் இருக்குன்னுதான் பெரும்பாலானவங்க சொன்னாங்க. அவங்க கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பல. உங்க ஆளுங்க 26-ந் தேதி தண்ணியைப் பார்த்தது சத்தியம். அந்தத் தண்ணிதான் 30-ந் தேதிக்கு நகர்ந்து போயிருக்கும்னு நினைக்கறேன்.

மாமா விஷயம். குரூப்புல அவர் பேரைச் சொல்லி மறுக்காதீங்க. பத்து பேர் முன்னாடி மானப் பிரச்சினை ஆயிட்டா அப்புறம் அரிசியைப் பத்தின பேச்சே இருக்காது. அவருக்குத் தனியா போன் போடுங்க, "மாமா, வீட்ல நசுக்கிப் பார்த்தோம், மாவுதான்"னு சொல்லுங்க. குரூப்புல அம்மா கையில இருக்கற குழைஞ்ச மாவை போட்டோ எடுத்துப் போடுங்க. முடிஞ்சா அம்மா குரல்லயே ஒரு ஆடியோ. சொந்தக்காரங்க அம்மா சமையலை நம்புறவங்கதானே. அந்த வீடியோவை மட்டும், பொய்னு எழுதிக்கூட, திரும்ப ஏத்தாதீங்க. எழுத்தைப் படிக்காம படத்தை மட்டும் பார்க்கறவங்கதான் அதிகம்.

அடுத்த பொய்க்கு முன்கூட்டியே அம்மாவைத் தயார் பண்ணுங்க. 1960-கள்லயே வில்லியம் மெக்குவயர்னு ஒருத்தர், பொய்யோட சின்ன டோஸை முன்னாடியே காட்டி அதை எப்படி முறியடிக்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டா பின்னாடி பெரிசா வரும்போது மனசு தாங்கும்னு, தடுப்பூசி மாதிரி ஒரு கொள்கையே சொன்னாரு. அண்ணன் சொன்ன கராச்சி படத்தோட கதையை அம்மாகிட்ட சொல்லுங்க, கடைசியை எப்படி வெட்டினாங்கன்னு சொல்லுங்க. அடுத்து முட்டையோ பாலோ எது வந்தாலும், "இதுக்கு முன்ன என்ன, பின்ன என்ன, எந்த ஊரு?"ன்னு அவங்களே கேட்பாங்க.

தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. சத்து மணி நல்லதுதான், ஆனா அது மருந்து ஆகாது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. மாசமா இருக்கும்போது ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ போகக் கூடாது. குடுத்திருக்கற இரும்புச்சத்து மாத்திரையை விடாம போடட்டும், டீ காபியோட சேர்த்துப் போட வேணாம். மாத்திரை போட்டா மலம் கறுப்பாப் போகும், அதையும் இப்பவே சொல்லி வெச்சுடுங்க, இல்லேன்னா அதுக்கு ஒரு கதை கிளம்பிடும். அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, ரிசல்ட் சீட்டை அவங்க கையிலயே குடுக்கச் சொல்லிக் கேளுங்க. அந்த டம்ளர் பரிசோதனையை அடுத்த மூட்டை அரிசி வந்ததும் ஒரு தடவை செஞ்சுட்டு, என்ன சொன்னாங்கன்னு இங்க எழுதுங்க.